ஆசிரமத்து இரண்டு நாள்

ஆசிரமத்தில் தங்கி யோகம் பயில்வது என்றால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் போய்ச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடித்துக் கிளம்பும் வரை அங்குள்ள துறவிகளும் தொண்டர்களும் வாழ்கிற ஒழுங்கிலேயே வாழ்வது. அவர்கள் எழும்போது எழுந்து, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் கூட்டும் முற்றத்தைச் சேர்ந்து கூட்டுவது. ஆசனம் அந்த நாளில் ஒரு பங்குதான். வழிபாடு, மூச்சு, உணவு, தொண்டு, பாடம், மௌனம் எல்லாம் சேர்ந்ததே பயிற்சி.

அச்சன்புதூர், பண்பொழி, வடகரைப் பக்கத்து நேயர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. குற்றாலத்துக்கு அருவியில் குளிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், தவத்துக்கு வந்தவர்கள் இன்னொரு பக்கம். மௌனமே விரதமாக இருந்த மௌனசுவாமி குற்றாலத்தில் நிறுவிய சித்தேசுவரி பீடம் இன்றும் இருக்கிறது. தெற்கே, சேரன்மகாதேவிக்குப் பக்கத்துப் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8 அன்று வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் பிறந்த குப்புசாமிதான் பின்னாளில் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். ஆசிரம வாழ்வை வேலைக்குப் போகிறவர்களும் சில நாள் வாழ்ந்து பார்க்கலாம் என்று வழி திறந்துவிட்டவர்களில் அவர் முக்கியமானவர். பாய்க்குப் பெயர்போன ஊரிலிருந்து யோகத்துக்குப் பெயர்போன ஒருவர் வந்தது திருநெல்வேலிச் சீமை பெருமைப்பட வேண்டிய விஷயம்.

சிவானந்தர் முதலில் மருத்துவர். தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, மலாயாவுக்குக் கப்பலேறி, சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட மருத்துவமனையில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பத்தாண்டு கழித்து அதை விட்டுவிட்டு இந்தியா திரும்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். துறவியான பிறகும் மருந்துப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. யாத்திரை வரும் சாதுக்களுக்கு ஒரு சிறு மருந்தகம் நடத்தினார். 1936இல் தெய்வநெறிக் கழகத்தைத் தொடங்கினார். கழகத்தின் ரிஷிகேசத்து ஆசிரமத்தில் அந்தக் காலத்தில் ஈஸ்டர் விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் 'சாதனா வாரம்' நடந்தது. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் லீவு கிடைத்தது அப்போதுதான் என்பதால் அந்த ஏற்பாடு. இன்று வார இறுதி யோக முகாம் என்று சொல்லப்படுவதற்கு அந்தச் சாதனா வாரம் மூத்தது. குடும்பஸ்தனின் லீவு நாளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட துறவி அவர்.

அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் கேரளத்துக்காரர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். குருவின் சொல்லை ஏற்று 1957இல் மேலைநாடு போனார். விடுமுறைக்குப் போனவர்கள் களைப்போடு திரும்புகிறார்களே என்று அங்கே 'யோக விடுமுறை' என்ற முறையைக் கொண்டுவந்தார். முறையான உடற்பயிற்சி, முறையான மூச்சு, முறையான ஓய்வு, முறையான உணவு, நல்ல எண்ணமும் தியானமும் என ஐந்தாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்ததும் அவரே. 1978இல் நெய்யாறு அணைக்கட்டு அருகே ஆசிரமம் அமைத்தார். அகத்தியர் மலை என்று வணங்கப்படும் 1,868 மீட்டர் உயரச் சிகரம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் நிற்கிறது. அதன் மேற்கு அடிவாரத்தில்தான் நெய்யாறு. தமிழ்நாட்டில் இதே மரபின் ஆசிரமம் மதுரைக்கு வடக்கே, பாலமேடு வழியில், வாடிப்பட்டி வட்டத்துக் கிராமப்புறத்தில் இருக்கிறது. நாள் முழுவதும் எப்படிப் போகிறது என்பதை இந்த ஆசிரமங்களின் முறையை வைத்தே பார்க்கலாம்.

போய் இறங்கியதும் நிபந்தனைகள் சொல்லப்படும். இறைச்சி, முட்டை, மது, புகை கூடாது. உடை தோளையும் முழங்காலையும் மறைக்க வேண்டும். கைபேசியை ஓரங்கட்ட வேண்டும். எல்லா நிகழ்ச்சிக்கும் வர வேண்டும். ஆசனத்துக்கு மட்டும் வருவேன், பஜனைக்கு வரமாட்டேன் என்பது நடக்காது. படுக்கை பொதுக்கூடத்தில், கொசுவலைக்குள்.

விடியுமுன் ஐந்தரை மணிக்குள் மணி அடிக்கும். ஆறு மணிக்குச் சத்சங்கம். முதல் அரை மணி நேரம் எல்லோரும் சம்மணமிட்டு, கண் மூடி, அசையாமல் தியானம். பிறகு ஆர்மோனியத்தோடும் ஜால்ராவோடும் நாமாவளி. ஒருவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குரல் நன்றாக இல்லையே என்று தயங்குகிறவர்கள்கூட மூன்றாவது நாமாவளியில் வாய் திறந்துவிடுவார்கள். சிறு வாசிப்பு, ஆரத்தி, பிரசாதம். ஏழரை மணிக்கு ஒரு தம்ளர் தேநீர். எட்டு மணிக்கு முதல் ஆசன வகுப்பு.

இந்த வகுப்பு நின்று பார்க்கத் தக்கது. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் போகும். வந்ததும் குதித்து ஆரம்பிப்பதில்லை. மல்லாந்து படுத்து ஓய்வு, அதன் பிறகு மூச்சு. முதலில் கபாலபாதி: வயிற்றை உள்ளே தள்ளி மூச்சை விட்டு விட்டு வெளியேற்றுவது, உள்மூச்சு தானாக வரும். மூன்று சுற்று. அடுத்தது நாடி சுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியில் நான்கு எண்ணும் வரை இழுக்க வேண்டும். இரண்டையும் மூடிப் பதினாறு எண்ணும் வரை நிறுத்த வேண்டும். வலது நாசியில் எட்டு எண்ணும் வரை விட வேண்டும். பிறகு வலதில் இழுத்து, நிறுத்தி, இடதில் விட்டால் ஒரு சுற்று.

நேயர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண் ஒன்றுக்கு ஒரு விநாடி என்றால் ஒரு சுற்று 56 விநாடி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். இங்கே ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் இரண்டே மூச்சு. வெளிமூச்சு உள்மூச்சைப் போல இரண்டு மடங்கு என்பதும் காரணத்தோடுதான். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகிறது, இழுக்கும்போது வேகமாகிறது. இது யாருக்கும் இயல்பாக நடப்பது. வெளிமூச்சை நீட்டினால் அந்த மெதுவான பகுதி நீளும்.

நான்கு, பதினாறு, எட்டு என்ற இந்தக் கணக்கைச் சிவானந்தர் எங்கிருந்தோ புதிதாகக் கொண்டுவரவில்லை. தமிழில் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்லும் இடத்தில் பூரகத்துக்கு, அதாவது இழுப்பதற்கு, 16 மாத்திரை, நிறுத்தும் கும்பகத்துக்கு 64, விடும் ரேசகத்துக்கு 32 என்கிறார். நான்கால் வகுத்தால் அதே 4, 16, 8. வெளிநாட்டில் ஆங்கிலத்தில் கற்றுவந்த ஒருவர் ஆசிரமத்துப் பாயில் உட்கார்ந்து எண்ணும் எண்ணிக்கை, தேவாரத் திருமுறைகளோடு வைத்து ஓதப்படும் ஒரு தமிழ் நூலின் கணக்கு. பள்ளியில் திருமூலர் பெயரை மட்டும் படித்துவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டிச் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தக் கூடாது. நிறுத்தாமல் இழுத்து விடுவதே போதும். கபாலபாதியும் அவர்களுக்கு வேண்டாம். புதிதாக வருகிறவர்களும் நிறுத்தும் நேரத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். ஆசிரியரிடம் உடம்பின் நிலையை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

மூச்சுக்குப் பின் சூரிய நமஸ்காரம், காலை உயர்த்தி இறக்கும் பயிற்சி, அதன் பிறகு பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், மத்ஸ்யாசனம், பச்சிமோத்தாசனம், புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், அர்த்த மத்ஸ்யேந்திராசனம், காகாசனம் அல்லது மயூராசனம், பாதஹஸ்தாசனம், திரிகோணாசனம். வரிசை மாறாது. சர்வாங்காசனத்தில் மோவாய் நெஞ்சில் அழுந்தக் கழுத்து முன்னால் வளைகிறது. மத்ஸ்யாசனம் அதைப் பின்னால் வளைக்கிறது. முன்னதில் எவ்வளவு நேரம் நின்றாரோ அதில் பாதி நேரம் பின்னதில். புஜங்காசனத்தில் மார்பு மட்டும் எழும். சலபாசனத்தில் கால் மட்டும். தனுராசனத்தில் இரண்டும் சேர்ந்து எழும். முதல் இரண்டும் முதுகைத் தயார் செய்த பிறகே மூன்றாவது வருகிறது. ஆசன வரிசையை இப்படி இலக்கணமாகக் கட்டிவைத்ததுதான் இந்த மரபின் அழகு. வீட்டில் படம் பார்த்துத் தனித்தனியாகச் செய்கிறவர்கள் இழப்பதும் இதைத்தான். தலைகீழாக நிற்க முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. முழங்கைகளை ஊன்றி இடுப்பை உயர்த்துவதோடு பல மாதம் நிற்பவர்கள் உண்டு.

ஒவ்வோர் ஆசனத்துக்கும் இடையில் சவாசனம். கடைசியில் நீண்ட சவாசனம். கால், கை, தோள், முகம் என்று ஒவ்வொரு பகுதியையும் சில விநாடி இறுக்கி விட வேண்டும். பிறகு அசையாமல் கிடந்து, பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்து, அது தளர்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். விழித்திருந்தபடி ஓய்வது இதன் நோக்கம். ஆனாலும் முதல் நாள் வகுப்பில் குறட்டைச் சத்தம் கேட்கத்தான் செய்யும். வாரம் முழுக்கத் தூக்கம் கெட்டவர்களின் உடம்பு கிடைத்த இடத்தில் கடனைத் தீர்த்துக்கொள்கிறது. ரப்பர் பாய்கள் வந்துவிட்ட காலத்திலும் இந்த ஓய்வுக்குக் கோரைப்பாய் மேல். வெயில் காலத்தில் வியர்வையை வாங்கிக்கொண்டு குளிர்ச்சி தரும்.

பத்து மணிக்குச் சாப்பாடு. ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான். அடுத்தது மாலை ஆறு மணிக்கு. தரையில் வரிசையாக அமர்ந்து, பேசாமல் சாப்பிட வேண்டும். சோறு, பருப்பு, காய், கீரை, மோர். வெங்காயம், பூண்டு இல்லை. காபி இல்லை. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று பிரிப்பது இதற்கு அடிப்படை. பார்டர் கடைப் புரோட்டாவின் மணம் தெரிந்த தென்காசிக்காரருக்கு முதல் வேளை சப்பென்றுதான் இருக்கும். இரண்டாம் நாள் பூசணிக்காயின் இனிப்பும் கீரையின் துவர்ப்பும் நாக்குக்குத் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். தினம் இரண்டு மூன்று காபி குடிப்பவர்களுக்கு முதல் நாள் தலைவலி வரலாம். போவதற்கு ஒரு வாரம் முன்பே குறைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

பதினோரு மணிக்குக் கர்மயோகம். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, கூட்டுவது, கழிப்பறை சுத்தம் செய்வது என்று ஆளுக்கு ஒரு வேலை. யார் என்ன உத்தியோகத்தில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பாடம்; பதஞ்சலி, கீதை, வேதாந்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பகுதி. நான்கு மணிக்கு மறுபடி ஆசனம். இரவு எட்டு மணிக்கு மறுபடி சத்சங்கம். பத்தரைக்கு விளக்கணைப்பு. சில நாள் காலைச் சத்சங்கத்துக்குப் பதிலாக எல்லோரும் மௌனமாக நடந்து, ஏரிக்கரையிலோ குன்றிலோ உட்கார்ந்து தியானம் செய்துவிட்டு வருவார்கள்.

அச்சன்புதூரிலிருந்து போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. செங்கோட்டையிலிருந்து மதுரைக்கு ரயில் ஏறி, அங்கிருந்து பாலமேடு வழி. அல்லது 2018இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் ரயிலேறி, கொல்லம் வழியாகத் திருவனந்தபுரம் போய், நெய்யாறு அணை. எந்த ஆசிரமமானாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு இடம் உறுதி செய்துகொண்டு போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது என்பதற்குச் சிவானந்தர் ஒரு கருவி வைத்திருந்தார்: ஆன்மிக நாட்குறிப்பு. நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையைப் போல அது கேள்விகளால் ஆனது. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எவ்வளவு நேரம் ஆசனம், எத்தனை பிராணாயாமம், எத்தனை மாலை ஜபம், எத்தனை தடவை கோபம் வந்தது, எத்தனை பொய் சொன்னாய், வீண் பேச்சில் எவ்வளவு நேரம் போனது. தினம் ஒரு வரிசை எண்களை மட்டும் நிரப்பினால் போதும். மாத முடிவில் குருவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது அவர் வைத்த முறை. அதைப் பார்த்து அடுத்த மாதத்துப் பாடம் சொல்லப்படும். வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இந்தக் கட்டங்களைப் போட்டு, திங்கட்கிழமைக் காலையிலேயே முதல் வரிசையை நிரப்பத் தொடங்கலாம்.