சாவி யார் கையில்?



2021 மார்ச் 10. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி கணினி மையம் நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்து எரிந்துபோனது. 'பேக்கப் இருக்கிறதே' என்று தைரியமாக இருந்த சிலருக்கு மறுநாள்தான் தெரிந்தது, அந்தப் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததென்று.

கிளவுட் என்றாலும் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் கணினிதான். அதனால் நம் படங்களை, பத்திரங்களை ஒப்படைக்குமுன், நகல் வேறொரு ஊரிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, சாவி யாரிடம்? 'மறையாக்கம் செய்து வைக்கிறோம்' என்று எல்லா நிறுவனமும் சொல்லும். அதாவது, மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பல சேவைகளில் சாவியும் அவர்களிடமே இருக்கும்; நினைத்தால் திறக்கலாம். நம் கருவியிலேயே பூட்டி, சாவியை நம்மிடமே விட்டுவிடும் முறைக்குத்தான் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்று பெயர். வாட்ஸ்அப் பேக்கப்புக்கு இந்த வசதி 2021-இலேயே வந்துவிட்டது. ஆனால் அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்க வேண்டும். ஐகிளவுடில் படங்களுக்கும் கோப்புகளுக்கும் அப்படித்தான்.

விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். சூரிச் ஆய்வாளர்கள் 2024-இல் எண்ட்-டு-எண்ட் என்று சொல்லிக்கொள்ளும் ஐந்து கிளவுட் சேவைகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் பெரிய ஓட்டைகளைக் கண்டார்கள். நிரலை வெளிப்படையாக வைத்து, வெளியாரின் தணிக்கை அறிக்கையையும் வெளியிடும் சேவையே என் தேர்வு. கிரிப்டோமேட்டர் என்ற இலவச மென்பொருளால் கணினியில் கோப்புகளை நாமே பூட்டிவிட்டு, பிறகு எந்தக் கிளவுடுக்கும் ஏற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. சாவி நம்மிடம் மட்டும் இருந்தால், தொலைத்தாலும் நாம்தான் தொலைக்கிறோம். வாடிக்கையாளர் சேவையிடம் அழுதாலும் திறக்காது. கடவுச்சொல் மறந்தால் திறக்க உதவும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். 60 நாளில் அடியோடு மறையும். ஆகவே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் எடுத்து வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பேக்கப்பிலிருந்து பழைய படம் ஒன்றை வேறொரு கருவியில் இறக்கித் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், அன்றே சரிசெய்துவிடுங்கள்.