கூலிக்கு யார் பொறுப்பு?

(ஆவடியில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆவடி என்றதும் பெரியவர்களுக்கு 1955-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். காங்கிரசு மாநாடு இங்கே கூடிற்று. சோஷலிச பாணிச் சமுதாயம் காண்போம் என்று தீர்மானம் தீட்டிற்று. பிறகு இங்கே டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரிலே தொழிற்பேட்டை எழுந்தது. அந்தப் பேட்டையிலே வெல்டிங் பழகிய இளைஞன் இன்று பாஸ்போர்ட்டும் பையுமாக வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறான். ஏன் போகிறாய் என்று அவனைக் கேட்க எனக்கு மனமில்லை. நான் கேட்பது வேறு. போன இடத்திலே உழைத்த கூலி வரவில்லை. அவன் யாரைக் கேட்பான்?

2016-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சவுதி ஓஜர் என்பது பெரிய கட்டடக் கம்பெனி. அதிலே வேலை செய்த ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளருக்கு மாதக்கணக்கில் சம்பளமில்லை. முகாமிலே சோறுமில்லை! இந்தியத் தூதரகத்தார் உணவு கொடுக்க வேண்டியதாயிற்று. இணை அமைச்சர் வி.கே.சிங் நேரிலே சென்றார். பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புங்கள் என்று தொழிலாளருக்குச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு கம்பெனியே மூடப்பட்டது. முதலாளி கடலுக்கு அப்பால். வழக்கு மன்றமும் கடலுக்கு அப்பால். இக்கரையிலே இருந்தவர் ஒருவரே. அவர்தாம் ஆளெடுத்து அனுப்பிய முகவர்.

அவரைக் கேட்டால் என்ன சொல்லுகிறார்? "நான் வெறும் பாலம், கடந்து போனவன் கதை எனக்குத் தெரியாது" என்கிறார். பாலத்திலே சுங்கம் வாங்கியவர் பேசுகிற பேச்சா இது?

தமிழனுக்கு இது புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம்மவரைக் கூட்டிப் போன கங்காணி, தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திலே பணம் பெற்றான். முன்பணத்தைக் கடனாக ஏற்றித் 'துண்டு' என்ற சீட்டிலே எழுதினான்; அந்தத் துண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் தொழிலாளியைத் துரத்திற்று. 1921-இலேதான் அது ஒழிந்தது. கங்காணியைப் புகழ நான் வரவில்லை. ஆனாலும் அவன் தன் கூட்டத்தோடு கப்பலேறினான். வெயிலிலே உடன் நின்றான். இன்றைய முகவர் விமான நிலைய வாசலோடு நின்று விடுகிறார்!

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாதவர் வெளிநாட்டுக்கு ஆளெடுக்கக் கூடாது. பதிவு பெறுபவர் பிணை கட்ட வேண்டும். நன்று. அந்தப் பிணை எதற்கு? சான்றின் நிபந்தனைகளையும் சட்டத்தையும் மீறாதிருப்பதற்கு. தொழிலாளியைத் தாயகம் திருப்பிக் கொண்டு வரும் செலவுக்கு. கொடுபடாத கூலிக்கு என்று அதிலே ஒரு சொல் இல்லை. டிக்கெட்டு உண்டு, கூலி இல்லை! தொழிலாளியிடம் முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 2017-இலே விதித்த வரம்பு, வரி நீங்கலாக 30,000 ரூபாய். வரம்பு மீறி வாங்கினால் சட்டம் எழுதி வைத்த தண்டனை, ஈராண்டு வரை சிறை. அபராதமோ 2,000 ரூபாய்க்கு மேற்போகாது. கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

வேறு நாட்டார் வழி கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்சு நாட்டிலே 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, வெளிநாட்டு முதலாளியும் உள்நாட்டு முகவரும் கூலிக் கடனுக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. முகவர் ஒரு கம்பெனியானால் அதன் இயக்குநர்களும் அவ்வாறே பொறுப்பு. தொழிலாளி மணிலாவிலே வழக்காடலாம். முதலாளியிடம் வசூலிப்பது முகவர் பாடு.

"அப்படிச் செய்தால் வேலையெல்லாம் வேறு நாட்டாருக்குப் போய்விடும்" என்று அஞ்சுவோர் உண்டு. அச்சத்தை நான் எள்ளவில்லை. வேலையின்றி இருப்பவன் வீட்டு அடுப்பு எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் பிலிப்பைன்சு நாட்டார் உலகெங்கும் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்களே!

அவ்வளவு தூரம் போவானேன்? அம்பத்தூர்ப் பட்டறையைப் பாருங்கள். ஒப்பந்தக்காரன் கூலி கொடாவிட்டால் ஆலை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. அதன் இடத்திலே தொகுப்புச் சட்டம் வந்த பின்னும் அந்த நெறி நீங்கவில்லை. இடைத்தரகனைக் காட்டி முதலாளி தப்பக் கூடாதென்றால், முதலாளியைக் காட்டி இடைத்தரகன் தப்புவது மட்டும் எப்படி நியாயமாகும்? 2021-இலும் 2025-இலும் புதிய குடிபெயர்வு மசோதாக்களின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தார்கள். கூட்டுப் பொறுப்பு என்ற அந்த ஒரு வரிக்காக நாம் குரல் எழுப்ப வேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின்கீழ்க் குற்றவழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது 27-ஆம் பிரிவு. ஆனால் பாதிக்கப்பட்ட தொழிலாளியோ, அவனுக்காக அவன் தாய், தந்தை, மனைவி, மக்கள், உடன்பிறந்தாரோ புகார் கொடுத்தால் அனுமதி வேண்டியதில்லை என்பதும் அதே பிரிவுதான். இதை அறிந்தோர் சிலர். பூவிருந்தவல்லியிலோ ஆவடியிலோ மகன் கூலியின்றித் தவிக்கும் வீடு உங்கள் தெருவிலே இருந்தால், இன்று மாலையே அங்கே செல்லுங்கள். ஒப்பந்தத் தாளையும் முகவரின் பதிவு எண்ணையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். ரசீதில்லாமல் பணம் கொடுத்திருந்தால், கொடுத்த நாள், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை மறக்குமுன் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.