‘ஃபன்ட்ரி’: ஒற்றுமைக்கு யார் விலை கொடுப்பது?

(திரையிடலுக்குப் பின் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்போது பார்த்த படத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘ஃபன்ட்ரி’ மராத்திச் சொல் அல்ல. மராத்தியில் பன்றியை ‘டுக்கர்’ என்பார்கள். இது கைக்காடி மக்களின் சொல். அவங்க பேசுற மொழி திராவிட மொழிக் குடும்பத்தில் தமிழுக்கு ரொம்பவும் நெருக்கமானது. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்க, நம்ம ‘பன்றி’தான். மகாராஷ்டிரத்துக் கிராமம் ஒண்ணுல ஜாப்யாங்கிற பையனைப் பார்த்து ஊர்ப்பயலுக கத்துற அந்தக் கேலி, நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத கேலி. அதனால இதை எங்கேயோ நடந்த கதைன்னு தள்ளி வச்சுப் பேச முடியாது.

கைக்காடிகளை வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைப் பட்டியலில் வைத்தான். 1871ல் வந்த அந்தச் சட்டம் 1952ல்தான் ஒழிந்தது. சட்டம் போனாலும் ஊரின் பார்வை போகவில்லை. 2013ல் இந்தப் படத்தை எடுத்த நாகராஜ் மஞ்சுளே, சோலாப்பூர் மாவட்டத்தில் ஒட்டர் சமூகத்தில் பிறந்தவர். அந்த வாழ்க்கையை வெளியே நின்று பார்த்துப் பரிதாபப்படுகிற வேலை இதில் இல்லை. ஜாப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடேவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ‘தங்க மீன்கள்’ சாதனாவும் அவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தேசிய ஒற்றுமை பேசுகிற படங்கள் நம்மிடம் நிறைய உண்டு. தீண்டாமையை எதிர்த்த படங்களும் உண்டு. 1936ல் வந்த ‘அச்சுத் கன்யா’வில் என்ன நடக்கிறது? ஓடுகிற ரயிலை நிறுத்தப் போய் தாழ்த்தப்பட்ட பெண் செத்துப்போகிறாள். 1959ல் பிமல் ராய் எடுத்த ‘சுஜாதா’வில்? வளர்த்த பார்ப்பனத் தாய்க்குத் தன் ரத்தத்தைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறாள் சுஜாதா. அதுக்கப்புறம்தான் அந்தம்மாவுக்கு அவள் மகளாகிறாள். அந்தக் காலத்தில் இவை துணிச்சலான படங்கள், மறுக்கல. ஆனா ஒண்ணு கவனிங்க. சாதி இந்துவோட மனசு மாறணும்னா நம்ம பொண்ணு உயிரைக் கொடுக்கணும், இல்ல ரத்தத்தைக் கொடுக்கணும். தவறு செய்தவன் எதையும் கொடுப்பதில்லை. ஒற்றுமைக்கான விலை எப்பவும் நம்ம பக்கத்துலேருந்துதான் போகுது.

இதை மனசுல வச்சுக்கிட்டு தேசியகீதக் காட்சிக்கு வாங்க. திருவிழாவில் பன்றி புகுந்துவிட்டது, பிடித்தாக வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. மகள் கல்யாணத்துக்குக் காசு வேணும், கச்ரு மானேயால மறுக்க முடியல. குடும்பமே பன்றி பிடிக்க இறங்குகிறது. கூடப் படிக்கிறவங்க கண்ணுல படாம இருக்க ஜாப்யா ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடுறான். பன்றி கைக்கெட்டுகிற நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து தேசியகீதம் வருகிறது. குடும்பமே அசையாமல் நிற்கிறது. பன்றி தப்பிப் போகிறது. 

தியேட்டர்ல சிரிப்பு வர்ற இடம் இது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த தேசத்துக்கு மரியாதை செலுத்துறதுல அந்தக் குடும்பம் எந்தக் குறையும் வைக்கல. அன்றைய பிழைப்பையே விட்டுவிட்டு நிற்கிறது. கீதம் முடிந்ததும் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், செல்போனில் படம் பிடிக்கிறார்கள். ஜாப்யா உயிரையே வச்சிருக்கிற ஷாலுவும் சிரிக்கிறா. ஒரே கீதத்துக்கு எழுந்து நின்றவர்கள்தானே எல்லாரும்? சேர்ந்து நின்ற அந்தச் சில நொடியால் யாருக்கு எது மாறியது?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் எச்சரித்தார். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று கேட்டார். சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் நிற்காது என்றார். மஞ்சுளே அண்ணலைச் சுவர்ச் சித்திரமாகக் காட்டுகிறார். பூலே, சாவித்திரிபாய், சாகு மகராஜ், காட்கே பாபா எல்லாரும் பள்ளிச் சுவரில் இருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டித்தான் செத்த பன்றியைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தலைவர்கள் சுவருக்கு வந்துட்டாங்க, வகுப்பறைக்குள்ள இன்னும் போகலைங்கிறதுதான் அதுக்கு அர்த்தம்.

கடைசியில் ஜாப்யா எறிகிற கல் நேராக நம் முகத்துக்கு வருகிறது. ‘இதுல நம்பிக்கை எங்க இருக்கு, வெறும் கோபம்தானே’ன்னு சில பேர் கேப்பாங்க. எனக்கு அந்தக் கல்தான் நம்பிக்கை. சுஜாதா போல ரத்தம் கொடுத்து இடம் கேட்க இவன் தயாராக இல்லை. விலையை இனி நீ கொடு என்கிறான். ஒற்றுமை உண்மையாகவே வரணும்னா அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்.

அந்தக் கல் நமக்கும் சேர்த்துத்தான். படிநிலைச் சாதி அமைப்பில் நமக்குக் கீழேயும் ஒருத்தனை வச்சிருக்கோம். பன்றி வளர்க்கிறவன், மலம் அள்ளுகிறவன், ஊர் ஊராகப் போகிற குறவன், இவங்க வீட்ல நம்ம இயக்கத் தோழர்கள் எத்தனை பேர் கை நனைச்சிருக்கோம்? பெண் கொடுத்து எடுத்திருக்கோம்? ஒரே சொல்லை ‘பன்றி’ன்னும் ‘ஃபன்ட்ரி’ன்னும் சொல்ற ரெண்டு மக்கள் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கிட்டா, அது டெல்லியில் பேசுகிற ஒருமைப்பாட்டை விடப் பெரிய ஒருமைப்பாடு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைச் சேரியில மட்டும் போட்டுட்டுத் திரும்பாதீங்க. சேரிக்காரனுக்கு இந்தக் கதை தெரியும். ஊர்த்தெருவில் திரை கட்டிப் போடுங்க. கல்லூரி விடுதியில் எல்லா மாணவர்களையும் உட்காரவைத்துப் போடுங்க. சிரிக்கிறவன் எந்த இடத்தில் சிரிக்கிறான் என்று பார்த்து, அந்த இடத்திலிருந்தே விவாதத்தைத் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.