நீராவி இஞ்சின் விற்ற கம்பெனி

(ஈரோட்டில் விசைத்தறித் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உங்கள் தறிக்கூடத்து மோட்டாரின் தகட்டில் இத்தனை ஹெச்.பி. என்று பொறித்திருக்கும். அந்தக் குதிரைசக்திக் கணக்கு விஞ்ஞானத்திற்காக மட்டும் பிறந்ததல்ல, வசூலுக்காகவும் பிறந்தது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே சோஹோவில் மாத்யூ போல்டன் என்ற முதலாளியும் ஜேம்ஸ் வாட்டும் 1775ல் கூட்டுச் சேர்ந்தார்கள். வாட்டின் 1769ஆம் ஆண்டுக் காப்புரிமையை 1800 வரை பார்லிமெண்டே நீட்டித்துக் கொடுத்தது. ஆரம்பத்தில் இவர்கள் இஞ்சின் முழுவதையும் செய்யவில்லை. வரைபடமும் வால்வு முதலிய சில பாகங்களும் தருவார்கள், பூட்டிக் கொடுக்க ஆள் அனுப்புவார்கள். சுரங்கக்காரனுக்குப் பழைய இஞ்சினைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கு! ஆனால் குதிரை சுற்றிய ஆலையில் மிச்சம் பார்க்கப் பழைய இஞ்சின் ஏது? ஆகவே குதிரைசக்தி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 பவுன் என்று விதித்தார்கள்.

1785ல் நாட்டிங்ஹாம்ஷயர் பாப்பிள்விக்கில், ராபின்சன் குடும்பத்தாரின் பஞ்சாலையில் இவர்கள் இஞ்சின் ஓடியது. அங்கே மேல்மடைக்காரரான பைரன் பிரபுவோடு ஆற்றுத் தண்ணீர்த் தகராறு. (பின்னர் அந்தப் பட்டத்துக்கு வந்த கவிஞர் பைரன், நெசவு இயந்திரம் உடைத்தவர்களுக்குத் தூக்கு என்ற மசோதாவை 1812ல் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசினார்.) நீராவி வந்ததும் ஆலை ஆற்றங்கரையை நம்ப வேண்டியதில்லை, ஆள் மலிவாய்க் கிடைக்கும் நகரத்திற்கே போகலாம். வாட்டின் 1784ஆம் ஆண்டுக் காப்புரிமையை மார்க்ஸ் 'மூலதன'த்தில் தனியே எடுத்துப் பேசுவது இதனால்தான்.

இஞ்சினின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் பற்சக்கர அமைப்பின் காப்புரிமை 1781ல் வாட் பெயரில் பதிவாயிற்று. யோசனை வில்லியம் மர்டாக் என்ற தொழிலாளியுடையது என்றே பலரும் கருதுகிறார்கள். அதே மர்டாக் தானே ஓடும் நீராவி வண்டியின் மாதிரியைச் செய்து, காப்புரிமை கேட்க 1786ல் லண்டனுக்குக் கிளம்பினார். எக்ஸீட்டரில் போல்டன் அவரை மடக்கிப் பேசித் திருப்பிவிட்டார்! கரிவாயு விளக்கையும் மர்டாக்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அது சால்ஃபோர்டில் பிலிப்ஸ்-லீ பஞ்சாலையில் எரிந்தது. பொழுது சாய்ந்தாலும் கதிர் நிற்கவேண்டிய அவசியம் போயிற்று. பின்னாளில் கம்பெனி அவருக்கு நல்ல சம்பளம் தந்தது, அதை மறைப்பானேன்? விளக்கடியில் நின்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன கிடைத்தது என்பதல்லவா கேள்வி!

நம் பக்கம் வருவோம். பாபநாசத்தில் ஹார்வி கம்பெனி தாமிரபரணியின் வேகத்தை நம்பி ஆலை கட்டியது. கோவையில் நொய்யல் அப்படிப்பட்ட ஆறா? 1888ல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆலை நீராவியால் ஓடியது. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கொங்கு நாட்டில் ஆலைகள் மளமளவென்று பெருகின.

கொதிகலன் போயிற்று, வேலை நேரம் தானாகக் குறைந்ததா? 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் பஞ்சாலை ஆண்களுக்கு நாளைக்கு 12 மணி, 1922ல் 11, 1934ல் 10. எட்டு மணி நேரம் நெருங்கி வந்த 1946லோ, ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வர் கோவைச் சிறையில் தூக்கில் ஏற்றப்பட்டார்கள். நவம்பர் 11 அன்று, நீராவியால் தொடங்கிய அதே ஸ்டேன்ஸ் ஆலைத் தொழிலாளர் மீது போலீஸ் சுட்டது. பதினொரு பேர் மாண்டார்கள்.