ஒரு தட்டில் இரண்டு பேர்

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியது. ஊருக்குப் போயிருந்தவர்களும் படிக்கட்டும் என்று இதழ்க் குழுவினர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன். மேடையில் சொல்ல மறந்த இரண்டொன்றையும் சேர்த்திருக்கிறேன்.)

பொங்கல் விழாவில் பேசச் சொன்னால் உழவர், மாடு, கரும்பு என்று பேசுவதுதான் வழக்கம். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசப்போவதும் சோறு பற்றித்தான், ஆனால் வேறு மாதிரி. வீட்டில் பெரியவர் ஒருவர், சிறு பிள்ளை ஒன்று. இவர்கள் இருவர் மட்டும் சாப்பிடும் சாப்பாட்டைப் பற்றி.

இந்தத் தலைப்பில் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. 1994-இல் என் மனைவி காலமானார். மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் வங்கியில் கிளார்க். எனக்குச் சமைக்கத் தெரிந்ததெல்லாம் காபியும் அப்பளமும்தான். மெதுவாக ரசம் பழகினேன், பிறகு சாம்பார். தோசை வட்டமாக வர ஒரு வருடம் ஆயிற்று.

சமையல் பெரிய கஷ்டம் இல்லை, பழகினால் வந்துவிடும். கஷ்டம் நேரம்தான். இப்போது கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்வதை அன்று நாங்கள் பேரேடு போட்டுச் செய்தோம். கேஷ் டேலி ஆகவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்காக இரவு எட்டரை வரை உட்கார்ந்திருக்கிறேன். மகள் எதிர் வீட்டு அம்மாவிடம் இருப்பாள். அவர்கள் நல்ல மனிதர்கள், ஏழு மணிக்கே தோசை வார்த்துக் கொடுத்துவிடுவார்கள். நான் ஒன்பது மணிக்குப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தால், எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அதற்கடியில் பாதித் தோசை. 'அப்பாவுக்கு' என்று அவள் தினமும் கொண்டுபோய் வைத்துவிடுவாளாம். காய்ந்து அட்டை மாதிரி இருக்கும். தூங்குகிற பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து அதைத் தின்பேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவள் எனக்காக மிச்சம் வைக்கவில்லை, பாதிதான் சாப்பிடுகிறாள்! தனியாகச் சாப்பிட அவளுக்குப் பிடிக்கவில்லை. மீதியை அப்பா வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்று வைத்துவிட்டுத் தூங்கிப் போயிருக்கிறாள்.

மறுநாள் என் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். "நீ காலையில் எட்டரைக்கு வந்து கிளியரிங் வேலையைப் பார்த்துக்கோ, சாயங்காலம் டே புக்கை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். பதினொரு மாதம் அப்படி நடந்தது. மாலை ஆறரைக்கு நான் வீட்டில் இருப்பேன். ஏழரைக்கு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். தனித்தட்டு வைத்தால் அவள் சாப்பிடமாட்டாள். அந்தச் சக ஊழியர் எனக்குப் பணம் கொடுக்கவில்லை, சோறு கொடுக்கவில்லை. தன் மாலை நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தை எனக்கு மாற்றிக் கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி இங்கேதான் வருவேன்.

அதற்கும் சில வருடங்களுக்கு முன்னால், ஐ.ஆர்.டி.பி. கடன் வசூலுக்காகக் கல்வராயன் மலைக்கு அதிகாரியோடு போவேன். ஆடு வாங்க, மாடு வாங்க வங்கிகள் கடன் கொடுத்த காலம். கச்சிராயபாளையம் வழியாக ஏறி, வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராக நடை. ஒரு வீட்டில் ஒரு பெண்ணும் மூன்று வயதிருக்கும் ஒரு பையனும் மட்டும். கணவர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய் இரண்டு வருடம் ஆகிறதாம், திரும்பவில்லை. மலையிலிருந்து மிளகுத் தோட்டத்துக்கும் காபித் தோட்டத்துக்கும் கூலிக்குப் போவது அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. போகிறவர்கள் பிள்ளையைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுப் போவார்கள், இல்லையென்றால் ஒருவர் மட்டும் பிள்ளையோடு தங்கிவிடுவார்.

நாங்கள் போன நேரம் உச்சி வெயில். சாப்பிடச் சொன்னார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. கீழ்நாட்டு வழக்கத்தில் விருந்தாளிக்குத்தான் முதலில் பரிமாறுவோம், இல்லையா? அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை. முதலில் ஒரு சின்ன அலுமினியத் தட்டில் பையனுக்கு எடுத்து வைத்தார்கள். பிறகு எங்களுக்கு. பிறகு, பானையில் இருந்ததில் ஒரு பங்கைத் தனியாகத் தனக்கு எடுத்து மூடி வைத்தார்கள். எங்கள் அதிகாரிக்கு அது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. மகளைத் தனியாக வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அம்மாவின் கணக்கு புரிந்தது. தான் விழுந்துவிட்டால் அந்தப் பையனுக்கு வேறு ஆள் கிடையாது. ஆகவே தன் பங்கு மிச்சத்தில் வருவதாக இருக்கக் கூடாது, அதுவும் முதலிலேயே எடுத்து வைக்கவேண்டிய செலவு. (அன்று தவணை வசூலானதா என்று கேட்காதீர்கள்.)

நம் வீடுகளில் இது நடப்பதில்லை. அம்மா கடைசியில் சாப்பிடுவதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். துணையில்லாத அம்மாவுக்கு அது இரட்டிப்பாகிறது. பிள்ளை தின்று மீதி வைத்தால் அதுதான் அவர் சாப்பாடு. பிள்ளை முழுவதும் தின்றுவிட்டால் டீத்தண்ணி. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் அப்படியே, பாதிக்கும் மேல்.

அடுத்தது, நம் ஊரில் யாரும் பேச விரும்பாத விஷயம். 2024 ஜூன் 18, 19 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து, 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். சில வீடுகளில் தாயும் தந்தையும் சேர்ந்தே போனார்கள். நிறைய வீடுகளில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அந்த வாரம் ஆம்புலன்ஸ் சத்தம் நம் பால்கனிகளுக்கும் கேட்டது.

அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், தவிர 5 லட்சம் வைப்புத்தொகை. ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம் வைப்புத்தொகை. பணம் தர வேண்டுமா என்று அப்போது இதே வளாகத்தில் விவாதம் நடந்தது. குடித்துச் செத்தவனுக்கு ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. நான் வங்கிக்காரன், ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வைப்புத்தொகை குடித்தவர் பெயரில் இல்லை, பிள்ளை பெயரில் இருக்கிறது. 18 வயது முடிந்தால்தான் கைக்கு வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று வயதில் வைத்த டெபாசிட் பதினைந்து வருடம் கழித்து முதிர்கிறது. இடையில் பதினைந்து வருடத்துச் சாப்பாடு இருக்கிறது. அதை மிஞ்சியிருக்கும் ஒருவர்தான் போட வேண்டும். மூன்று வயது வயிறு சின்னது. ஒரு வேளை நிறையப் போட்டு அடுத்த வேளையைத் தள்ளிப்போட முடியாது. அந்த வயிற்றுக்கு ஓவர்டிராஃப்ட் வசதி கிடையாது.

நம் மாநிலம் இதில் சும்மா இருந்ததில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பிறகு வந்த முட்டை, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த வருடம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு. உப்புமா, கிச்சடி, பொங்கல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்று காலையும் மதியமும் பள்ளியிலேயே கிடைக்கிறது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். 1994-இல் எனக்கு இது கிடைத்திருந்தால்!

இதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. காலை உணவு ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி. அங்கே மதியம் சோறு உண்டு, முட்டை உண்டு, வீட்டுக்கு எடுத்துப்போகச் சத்துமாவும் உண்டு. ஆனால் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் தாயின் மூன்று வயதுப் பிள்ளை எங்கே, யாரோடு காலைச் சாப்பாடு சாப்பிடும்?

நம் வளாகத்தில், இரண்டாவது பிளாக் படிக்கட்டில் சாப்பிடும்.

உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம்மில் ஐந்து வீடுகளில் வேலை செய்கிற பெண், ஆறரைக்கு மகளோடு வருகிறார். கணவர் இல்லை. எப்படி இறந்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். எட்டு மணிவாக்கில் இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து மகளுக்கு ஊட்டுவார். ஒன்பதரைக்கு அங்கன்வாடியில் விட்டுவிட்டுத் திரும்புவார்.

நவம்பரில் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். படியில் நாலு பருக்கை, எறும்பு. மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். டிசம்பரில், 'பணியாளர்கள் குழந்தைகளை வளாகத்துக்குள் அழைத்து வரக் கூடாது' என்று சுற்றறிக்கை போயிற்று. அதில் பொருளாளர் என்ற முறையில் என் கையெழுத்தும் இருக்கிறது. படித்துவிட்டுத்தான் போட்டேன், படிக்காமல் போட்டேன் என்று தப்பிக்க மாட்டேன். எறும்பு, லிஃப்ட், பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் பேசினோம். அந்தப் பிள்ளை காலையில் எங்கே சாப்பிடும் என்று ஆறு பேர் கொண்ட கமிட்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தம்ளருக்கடியில் இருந்த தோசையைத் தின்ற நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் அவர் தனியாக வந்தார். பிள்ளை எங்கேம்மா என்றேன். "பக்கத்து வூட்ல உட்டுட்டு வரேன் சார். நேத்து வரைக்கும் பாலு மட்டும்தான் குடிச்சிருக்கு. எனக்கும் அது எதுர உக்காராம எறங்க மாட்டேங்குது" என்றார். புகாராகச் சொல்லவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

இதற்கு என்ன செய்யலாம் என்று நான்கைந்து பேரிடம் பேசிப் பார்த்தேன். ஒரு மேடம், நாள் ஒரு வீட்டிலிருந்து டிபன் கொடுத்துவிடலாம் என்றார். நல்ல மனது. ஆனால் அந்தப் பெண் இட்லி இல்லாமல் தவிக்கவில்லை, டிபன் பாக்ஸில் அவரே சமைத்ததுதான் இருக்கிறது. நாம் கொடுப்பது எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். ஃபிரிட்ஜில் மூன்றாம் நாள் சாம்பாரைக் கொட்ட மனமில்லாமல் கொடுப்போம். கொடுப்பதென்றால் நாம் சாப்பிடும் முன் எடுத்து வைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

அவருக்கு இல்லாதது இரண்டு. உட்கார ஒரு இடம், எட்டு மணிக்கு அரை மணி நேரம்.

இடம் இருக்கிறது. மீட்டர் அறைக்குப் பக்கத்து அறையில் உடைந்த கேரம் போர்டும் பழைய பேனரும்தான் குடியிருக்கின்றன. ஒரு மின்விசிறி, ஒரு பாய், கைகழுவக் குழாய். வாட்ச்மேனும் தோட்டக்காரரும்கூட அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். செலவு பராமரிப்பு நிதியில் தாங்கும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டவருக்கும் பதில் அதுதான். படிக்கட்டைவிடத் தரையில் விரித்த பாயிலிருந்து விழுவது கடினம்.

நேரம்தான் சிக்கல். எட்டு மணி என்பது நம் எல்லார் வீட்டிலும் அடுப்படி பற்றி எரிகிற நேரம். அலுவலகம், பள்ளி, லஞ்ச் பாக்ஸ். அந்த அரை மணியை அவருக்கு விட வேண்டுமென்றால் ஐந்து வீட்டில் யாராவது இரண்டு வீடு தங்கள் முறையைத் தள்ளிக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் பிடிக்காமல்.

இன்னொரு சிறு விஷயம். விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய், 2025 செப்டம்பரில் தொடங்கியது. உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர், கடைப் பையன், இஸ்திரிக்காரர் யாருக்காவது பொருந்தும் என்றால் என்னிடம் அனுப்புங்கள். படிவம் நிரப்புவதுதான் முப்பத்தைந்து வருடம் நான் செய்த வேலை. ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் நான் கொண்டுவருகிறேன். எதிர்ப்பவர்கள் வந்து எதிர்க்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அல்ல. தள்ளிக்கொள்ள வேண்டிய இரண்டு வீட்டில் ஒன்று என் வீடு. தனி ஆள், இரண்டு பாத்திரம், பதினொரு மணிக்குத் தேய்த்தால் போதும் என்று சொல்லியாயிற்று. இன்னும் ஒரு வீடு வேண்டும்.

மூன்றாவது மாடி அம்மா கரண்டியைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். பொங்கல் ஆறுகிறது போலிருக்கிறது.