கைகட்டி நின்ற பையன்



2000 பிப்ரவரியில் இலண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பெயர் விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். படிக்க வைக்கிறேன் என்று அழைத்துவந்த உறவுக்காரப் பெண்ணும் அவருடைய துணைவரும் சித்திரவதை செய்தே கொன்றார்கள். சமூகப்பணித் துறை, மருத்துவமனை, காவல்துறை என எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

இதை விசாரித்த லேமிங் பிரபுவின் அறிக்கை 2003-இல் வந்தது. பொறுப்பிலிருந்த சமூகப்பணியாளர் அவளைப் பார்த்ததே நான்கு முறைதான். மொத்த நேரத்தையும் கூட்டினால் அரைமணியைத் தாண்டாது. என்னை அதிகம் உறுத்தியது வேறு. அந்த உறவுக்காரப் பெண்ணின் முன்னால் சிறுமி விறைப்பாக நிற்பாள். அதை அறிந்த பணியாளர், ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பங்களில் பெரியவர்களுக்குத் தரும் மரியாதை இது என்று எடுத்துக்கொண்டார். சிறுமி கரீபியாவைச் சேர்ந்தவளே அல்ல. இத்தனைக்கும் பணியாளரும் கறுப்பினப் பெண்தான். (பழியை அவர்மீது மட்டும் போட எனக்கு உடன்பாடில்லை. மேலதிகாரிகள் அவரைக் கைவிட்டிருந்தார்கள்.)

சட்டத்துக்குக் குறையில்லை. குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது 1989 ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. இந்தியா அதை 1992-இல் ஏற்றது. நமது 2015 இளைஞர் நீதிச் சட்டமும் அதையே சொல்கிறது.

என் கள ஆய்வின் முதல் வருடம். ஒரு குழந்தைகள் நலக் குழுவின் அமர்வில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பெரியவர்கள். இந்தப் பக்கம் பத்து வயதுப் பையன், கைகட்டி, தலைகுனிந்து.

"வீட்டுக்குப் போறியா, ஹோம்லயே இருக்கியா?"

"நீங்க சொல்றபடி சார்."

விருப்பம் கேட்கப்பட்டதாகப் பதிவானது. நானும் என் நோட்டில் 'பணிவான பையன்' என்று எழுதினேன். என் தாத்தா ஊர்த்தெருவில் அப்படிக் கைகட்டி நின்றவர். அவரை யாராவது பணிவானவர் என்றால் சண்டைக்குப் போவேன். அப்படிப்பட்ட நான்தான் அதை எழுதினேன்.

பிறகு வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி சொன்னான்: "அக்கா, ஹோம்ல என்னையும் எங்க காலனிப் பையனையும் மட்டும்தான் கக்கூஸ் கழுவச் சொல்றாங்க."

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது, அடுத்த அமர்வில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த அமர்வுக்கு அவனை அழைத்துவரவில்லை.

அதனால் துறையினரிடம் நான் கேட்பது இதுதான். குழந்தைக்கு ஒரு நாற்காலி போடுங்கள். இல்லத்து ஆட்களை வெளியே அனுப்புங்கள். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.