நாற்பது பக்கம் எதுக்கு?

(ஆண்டு விழாவில் கூட்டமைப்புச் செயலாளர் ஆற்றிய உரை)



சிறுதானிய மாவு மில்லுக்கு நிதி கேட்டு ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கோம். விண்ணப்பம் ஆறு பக்கம்தான். இணைப்புகள் நாற்பது பக்கம். "இத்தனை ஜெராக்ஸ் எதுக்கு?"ன்னு பலர் கேட்டீங்க. நியாயமான கேள்வி. அந்தக் கம்பெனியில் முடிவு பண்ணுறவங்க நம்ம ஊரைப் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் நாம என்ன வேணா எழுதலாம், அதை அவங்க நம்புறதுக்கு இணைப்புதான் சாட்சி.

பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், பான் கார்டு, மூணு வருஷத் தணிக்கை அறிக்கை எல்லாம் வழக்கமா கேட்பது. 12ஏ, 80ஜி பதிவுகளுக்குக் காலக்கெடு உண்டு, முடியுறதுக்கு முன்னாடியே புதுப்பிக்கணும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வாங்க, 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் வேணும். இதில் ஆடிட்டர் உதவி செய்வார்.

நாம பார்க்க வேண்டியது, ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் ஒத்துப்போகுதான்னு. பான் கார்டில் "மகளிர் கூட்டமைப்பு", பாஸ்புக்கில் "பெண்கள் கூட்டமைப்பு"ன்னு இருந்தா அங்கேயே நிறுத்திடுவாங்க. திட்டத்தில் 5 ஹெச்.பி. மோட்டார்னு எழுதிட்டு, 3 ஹெச்.பி. மோட்டாருக்குக் கொட்டேஷன் வச்சா எப்படி? கொட்டேஷனில் தேதி, ஜி.எஸ்.டி. எண், எத்தனை நாளைக்கு அந்த விலைங்கிறது மூணும் இருக்கணும். ஓசியில் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு உதவாது!

எந்த ஆடிட்டரும் தயார் பண்ண முடியாத இணைப்பு ஒண்ணு இருக்கு. அதுதான் நம்ம தீர்மானம்.

போன மாசக் கூட்டத்தில் நம்ம பங்கு 60,000 ரூபாயை எங்கிருந்து எடுக்கிறதுன்னு ஒரு மணி நேரம் சண்டையே நடந்துச்சு. "எங்க சேமிப்பைத் தொடக்கூடாது"ன்னு கடைசி வரிசையில் இருந்து ஒரு பாட்டி எழுந்து நின்னாங்க. பிறகுதான், உறுப்பினர் சேமிப்பைத் தொடாம, கூட்டமைப்பின் சொந்த வருமானத்தில் இருந்து கொடுக்கிறதுன்னு முடிவாச்சு. தீர்மான நோட்டில் அது அப்படியே இருக்கு. வந்தவங்க எத்தனை பேர், தொகை எவ்வளவு, கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்குன்னு எல்லாம் எழுதியிருக்கு. அந்தப் பக்கம்தான் இப்போ இணைப்பில் போயிருக்கு.

அதனால்தான் வெத்துப் பக்கத்தில் கையெழுத்து வாங்குறதை நான் எதிர்க்கிறேன். "அவசரம், அப்புறம் எழுதிக்கலாம்"னு யார் சொன்னாலும், அது நானாவே இருந்தாலும், போடாதீங்க. உங்க கையெழுத்துக்கு மேலே பிறகு என்ன எழுதினாலும் அது நீங்க சொன்னதாத்தான் ஆகும். அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கும் அப்போ இடமே இருந்திருக்காது. படிக்கத் தெரியாதவங்க சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. கேட்டுட்டுக் கைநாட்டு வைங்க.

கம்பெனியில் இருந்து நேரில் விசாரிக்க வந்தாலும் வருவாங்க. உங்க பங்கு எவ்வளவு, எங்கிருந்து வந்ததுன்னு யாரை வேணாலும் கேட்பாங்க. நாற்பது பக்கத்துக்கும் ஒரு நகல் அலுவலக பீரோவில் இருக்கு, சாவி கணக்காளர்கிட்ட. வந்து பாருங்க.